தீவும் இரண்டு நீரும்

திங்கட்கிழமைகளில் முதற்பாடம் முடியுந் தறுவாயில் வந்து சேரும் மாணவன் ஒருவன் நமது வகுப்பில் இருந்தான். ஊர் நெடுந்தீவு. பட்டினத்தில் உறவினர் வீட்டிலே தங்கிப் படிப்பவன். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போவான். திரும்பும்போது படகேறிக் குறிகாட்டுவான் துறையில் இறங்கி, பஸ்வண்டியிலே புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து வரவேண்டும். இதெல்லாம் நாம் அறியாததன்று. அறிந்திருந்தும், "தீவாருக்கு மணிக்கூடு இல்லையோ?" என்று ஒருநாள் கேட்டுவிட்டோம். வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

அன்றைய பாடம் தீவகவணி. தீவகமென்பது விளக்கு, ஓரிடத்தில் நின்று பலவிடத்தும் ஒளி பரப்புவதுபோல, ஒரு சொல் பல சொற்களோடு சென்று பொருள் தருவது அவ்வணி. சொல்லிவந்த வேகத்தில், கடல் நடுவே விளக்குப்போல் நிற்பதனாலேதான் தீவுக்கும் அப்பெயர் வந்தது என்று சேர்த்துக் கூறினோம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் பிழை.

இரவு அகராதியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. வடமொழியில் விளக்கு 'தீப', தீவு 'த்வீப'. வெவ்வேறான இரண்டும் தமிழுக்கு வந்தபோது தீவகம் என்ற ஒரே உருவத்தை எடுத்துக்கொண்டன. 'த்வி' என்பது இரண்டு. 'அப்' என்பது நீர், ஐம்பூதங்களுள் அப்பு என்று நாம் எண்ணுகின்றோமே, அதுதான். இருபுறமும் நீருடையது என்பது பொருள். பாரசீக மொழியிலே இரண்டு 'தோ', நீர் 'ஆப்'. கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட நிலத்துக்குத் 'தோஆப்' என்னும் பெயர் இவ்விரண்டும் கூடியது. ஒருதாய் வயிற்றுச் சொற்கள்!

மறுநாள் வகுப்பிலே நமது பிழையை ஒப்புக்கொண்டு இவ்விளக்கத்தைச் சொன்னோம். நெடுந்தீவு மாணவன் எழுந்தான்.

"ரண்டு பக்கந்தான் தண்ணியெண்டால், மற்றப் பக்கத்தாலை நான் நடந்தெல்லோ வந்திருப்பன், சேர்."

இம்முறை வகுப்பு நம்மைப் பார்த்துச் சிரித்தது. நியாயமான கேள்விதான். விடையைக் கரும்பலகையில் வரைந்தே காட்டவேண்டியிருந்தது. மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கையாற்றைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆற்றின் நடுவே ஊர் இருப்பதை எப்படிச் சொல்வது? காவேரியிலிருந்து கொள்ளிடம் பிரிகின்றது. இரண்டுக்கும் நடுவே திருவரங்கம். அரங்கம் என்றாலே ஆற்றிடைக்குறை. அப்புத்தலமாகிய திருவானைக்காவும் அதே நிலத்தில்தான் இருக்கின்றது. ஆற்று நடுவிலே நீரை இரண்டாக வகுத்து நின்ற மணல்மேட்டையும் வேதகாலத்தவர் 'த்வீப' என்றனர். அச்சொல் பின்னர் கடலுக்குப் போய், நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலத்துக்கும் பெயராயிற்று. மாலைதீவிலும் இலட்சதீவிலும் கேட்பது அதுவே.

அடுத்த திங்கட்கிழமை வாடைக்காற்றுப் பலமாக வீசியது. படகு ஓடவில்லை. செவ்வாய் நண்பகலிலே, ஓரம் நனைந்த புத்தகங்களோடு அவன் வாசலில் நின்றான். நாம் ஒன்றும் கேட்கவில்லை; உள்ளே வரும்படி கையைக் காட்டினோம். இருக்கையில் அமர்ந்தபின் அவனே சொன்னான்:

"மற்ற ரண்டு பக்கமும் இன்னுந் தண்ணிதான், சேர்."