கிழங்கா, விதையா?

டொராண்டோவில் மகன் வீட்டுத் தோட்டம், அக்டோபர் வாக்கில் உறைபனி விழுந்ததும் கருகிவிடும். செண்டுமல்லிக்குக் கவலையில்லை. காய்ந்த பூவை உதிர்த்து, விதையைக் காகித உறையில் போட்டு வைத்தால், மே கடைசியில் மறுபடி விதைக்கலாம்.

டேலியா அப்படியல்ல. விதை போட்டால் என்ன நிறத்தில் பூக்கும் என்று சொல்ல முடியாது. அதே பூ வேண்டுமென்றால், மேல்செடி கருகியதும் கிழங்கைத் தோண்டி, மண்ணை உதறி, மரத்தூளில் புதைத்து, 5 முதல் 10 டிகிரி குளிரில் பேஸ்மென்ட்டில் வைக்க வேண்டும். அப்படியும் சில அழுகும், சில வற்றும்.

"எதுக்குப்பா இந்தச் சிரமம்? புதுசா வாங்கிக்கலாமே" என்கிறான் மகன். அந்தக் கருஞ்சிவப்பு டேலியா அவன் அம்மா நட்டது. அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, அழுகியதை வெட்டி எறிகிறேன். முளைக்கண்ணோடு ஒரு கிழங்கு மிஞ்சினால் போதும், அதே பூ வரும்.