வார்ப்புத் துண்டோடு தீவகப் பயணம்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து தீவகத்திற்குச் செல்வோரிற் பலர் நயினை அம்பாளைத் தரிசிக்கச் செல்வர். சிலர் நெடுந்தீவுக் குதிரைகளைக் காணச் செல்வர். இன்னுஞ் சிலர் கலியாணப் பேச்சுக்காகச் செல்வர். மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் நாம் சென்ற காரணமோ இவற்றுள் எதுவுமன்று. எமது மடியில், பழைய சாக்கினாற் சுற்றிய ஓர் அலுமினியத் துண்டு கிடந்தது. நடுவே வெடித்த துண்டு. அதற்கு வைத்தியந் தேடியே ஊர்காவற்றுறைப் பேருந்தில் ஏறியிருந்தோம்.

அத்துண்டின் வரலாற்றை வாசகர்களுக்கு முதலிற் சொல்லிவிடுதல் முறையாகும். தச்சர் கையிற் பிடித்து மரத்தின் ஓரங்களை வழிக்கவும் சித்திரங் குடையவும் பயன்படுத்தும் மின்கருவிக்கு றவுட்டர் என்று பெயர். அதனைக் கையிற் பிடியாமல் ஒரு சட்டகத்திற் பூட்டி, இடம் வலமாகவும் முன் பின்னாகவும் மேல் கீழாகவும் மோட்டார்கள் நகர்த்துமாறு செய்து, அம்மோட்டார்களுக்குக் கணினி இலக்கங்களாற் கட்டளையிட்டால் அதுவே சி.என்.சி. றவுட்டர். இலக்கங்களைக் கொண்டு வெட்டுக்கருவியை நடத்தும் எண்ணத்திற்கு 1949இல் அமெரிக்கரான ஜோன் பார்சன்ஸ் அந்நாட்டு விமானப்படையின் ஆதரவைப் பெற்றார். 1952இல் மசாச்சுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் அத்தகைய இயந்திரம் ஓட்டிக் காட்டப்பட்டது. அன்று பெரும் பெட்டிகளாய் நின்ற கட்டுப்பாட்டுக் கருவி இன்று உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. எமது மோட்டார் ஒரு சுற்றை 200 அடிகளாக எடுத்து வைக்கும். அதனோடு பூட்டிய திருகுத்தண்டு ஒரு சுற்றில் 5 மில்லிமீற்றர் நகர்த்தும். ஆகவே ஓர் அடிக்கு ஒரு மில்லிமீற்றரின் நாற்பதில் ஒரு பங்கு! இதனை நினைக்கையில் எமக்கே சற்றுப் பெருமை தோன்றியது உண்மைதான்.

மோட்டாரையும் திருகுத்தண்டையும் விலைக்கு வாங்கினோம். அவற்றைத் தாங்கும் சட்டங்களையும் வாங்க எமது மடிச்சீலை இடங்கொடுக்கவில்லை. அமெரிக்கரான டேவிட் ஜிஞ்சரி என்பவர், கரியுலையில் அலுமினியம் வார்த்து அதனாற் கடைசல் இயந்திரத்தையே செய்துகொள்ளும் வழியை 1980களில் நூல்களாக எழுதினார். அந்தத் துணிவோடு எமது வளவின் கோடியில் ஓர் உலை அமைத்தோம். சிரட்டைக் கரி, காற்றூதப் பழைய விசிறி, ஒரு மூசை, கராஜ்களிற் கழித்துப்போட்ட பிஸ்டன்கள்: இவ்வளவே முதல். அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகிவிடும். பிஸ்டனிலே சிலிக்கன் கலந்திருப்பதால், உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிறையும். ஆயினும் மூன்று முறை வார்த்த பக்கச்சட்டம் மூன்று முறையும் பிழைத்தது. மூன்றாவது பார்வைக்கு அழகாய் வந்து, திருகாணியை இறுக்கும்போது ‘படக்’கென்று வெடித்தது.

பேருந்து தாம்போதியில் ஓடிற்று. இருபுறமும் முழங்காலளவுக் கடல். அதில் வரிசையாய் நட்ட தடிகளும் வலைகளும். மண்டைதீவுச் சந்தியும் அல்லைப்பிட்டியும் கழிந்தன. வேலணையின் பனங்கூடல்களுக்கிடையே, 1990இன் இடப்பெயர்வில் ஆளிழந்து கூரையும் இழந்த வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. பொருளாதாரத் தடையின் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதும், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதும் இந்தக் குடாநாட்டிலன்றோ? இல்லாததை இருப்பதைக் கொண்டு செய்துகொள்ளும் பழக்கம் எமக்குப் புதிதன்று.

ஊர்காவற்றுறை பழம்பெருந்துறை. இங்கிருந்து யானைகள் கப்பலேறியமையால் போர்த்துக்கேயர் இதனை யானைத்துறை என்றனர். துறை என்னும் பொருளுடைய அவர்களது சொல்லே ‘கயிற்ஸ்’ என்று மருவிற்று. கரையில் நின்று பார்த்தால் நீர் நடுவே, ஒல்லாந்தர் ஹம்மன்ஹீல் என்றழைத்த கடற்கோட்டை தெரிகிறது. அதற்கப்பால் காரைநகர். நோர்வே நாட்டாரின் உதவியோடு சீநோர் படகுத்தளம் 1967இல் தோன்றியது அங்கேதான். கண்ணாடியிழைப் படகும் எமது சட்டத்தைப் போல ஓர் அச்சினுட் பிறப்பதே என்று எண்ணிக்கொண்டு, நண்பரொருவர் சொன்ன அடையாளத்தை வைத்து அந்தப் பட்டறையைத் தேடிப் பிடித்தோம்.

பனையோலைக் கொட்டில். சுவரெங்கும் ஆணிகளில் உடைந்த படகுப் பாகங்கள். எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் எமது துண்டை வாங்கி, சுட்டுவிரலாற் தட்டிப் பார்த்தார்; பின்னர் உடைந்த முகத்தை வெயிலிற் பிடித்தார்.

“தம்பி, மண் எங்கை எடுத்தனீங்கள்?”

“கடற்கரையில் அள்ளினோம், ஐயா.”

“அதுதான். உப்பு மண் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உலையையும் கனக்கக் காய்ச்சிப்போட்டியள்.”

எமது தவறுகளை அவர் ஒவ்வொன்றாய் எடுத்துக் காட்டினார். உருகிய அலுமினியம் ஈரத்திலிருந்து ஐதரசனை உறிஞ்சும்; சூடு ஏற ஏற அதிகமாய் உறிஞ்சும்; இறுகும்போது அந்த வாயு ஊசித்துளைகளாய் உள்ளே நின்றுவிடும். ஐதரசன் என்ற பெயரை அவர் சொல்லவில்லை; ‘மூச்சு’ என்றே சொன்னார். வெடித்த இடத்திலோ தடித்த பகுதியும் மெல்லிய பகுதியும் கூர்மூலையாய்ச் சந்தித்திருந்தன.

“தடிச்ச இடம் கடைசியிலைதான் இறுகும். இறுகேக்கை சுருங்கும். அதுக்குக் குடிக்க ஒண்டும் வைக்கேல்லையே?”

தடித்த இடத்தின் தலைமேல் ஓர் உலோகக் குளம் விட்டு வைத்தால், சுருங்கும்போது அது அதனைக் குடித்து நிறையும். மூலையை உருட்டிவிட்டால் வெடிக்காது. பின்னர் குளத்துக் களி கலந்த தம் மண்ணில் ஒரு பிடி எடுத்து எமது கையில் வைத்தார். அழுத்தினால் உருண்டையாய் நிற்க வேண்டும். முறித்தால் இரண்டாய்த் தெளிவாக முறிய வேண்டும். விரலில் ஈரம் ஒட்டலாகாது. நூல்களில் நாம் பலமுறை படித்த செய்திதான். கைக்கு அது அன்றுதான் புரிந்தது.

எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டோம். அவர் பணத்தைப் பேசாமல், ஆணியிலிருந்து ஒரு மூடியைக் கழற்றினார். ஒரு வள்ளத்தின் இயந்திரத்தைக் குளிர்விக்கக் கடல்நீர் இறைக்கும் பம்பியின் மூடி, இரண்டாய் உடைந்திருந்தது. அந்த வகைப் பம்பி இப்போது கடைகளில் இல்லை. வள்ளக்காரர் மூன்று கிழமையாய்த் தொழிலின்றி இருக்கிறார். வெண்கலத்தில் வார்க்கத் தம்மால் முடியும். ஆனால் அதற்கு மரத்தில் ஒரு மாதிரி வேண்டும். “முந்தி நானே செதுக்குவன். இப்ப கண் பிடிக்குதில்லை, கையும் நடுங்குது. உங்கடை மிசின் மரம் வெட்டுமெண்டு சொன்னீங்களே?”

வெட்டும் என்றோம். ஓடாத இயந்திரத்தின் பேரால் வாக்குக் கொடுத்துவிட்டோம்! உடைந்த மூடியும் எமது சாக்கினுள் ஏறிற்று.

பொழுதுபோக்காய்த் தொடங்கிய வேலை அன்றுமுதல் கடனாயிற்று. புதிய மண் பிசைந்தோம், குளம் வைத்தோம், மூலையை உருட்டினோம். நான்காம் வார்ப்புக்கு இலேசான மணியோசை இருந்தது. (இம்முயற்சியில் இறங்கும் அன்பர்கள் ஒன்றை மறத்தலாகாது: கரண்டியிலோ அச்சிலோ ஈரத்துளி இருப்பின் உருகிய உலோகம் வெடித்துத் தெறிக்கும். முகக்காப்பும் தோற்காலணியும் இன்றியமையாதன, பிள்ளைகளை அண்டவிடலாகாது.) சட்டங்களைப் பூட்டி, இரு மூலைவிட்டங்களும் ஒரே அளவாய் வரும்வரை தளர்த்தியும் இறுக்கியும் ஆறு இரவுகள் கழிந்தன. கணினியின் கட்டளையை மோட்டாருக்கு விளங்கவைக்கும் ஜி.ஆர்.பி.எல். என்ற இலவச மென்பொருளை 2009இல் வெளியிட்ட சிமென் ஸ்கோக்ஸ்ருட்டும் நோர்வே நாட்டவரே. காரைநகர்க் கடலை நினைத்துக்கொண்டோம்.

உலோகம் ஆறும்போது சுருங்குமாதலால் மாதிரி சற்றுப் பெரிதாயிருத்தல் வேண்டும். அலுமினியத்திற்கு நூற்றுக்கு 1.3 பங்கு என்பது பொதுக்கணக்கு. தமது வெண்கலத்திற்கு நூற்றுக்கு ஒன்றரை என்று பெரியவர் கூறியிருந்தார். அவர் ஆயுள் முழுதும் தேடிய அந்த ஒன்றரையைக் கணினியில் இரண்டு விரலால் எழுதினோம். வேப்பம் பலகையில் வெட்டுக்கூர் இறங்கிற்று. ஒரு மணி நேரத்தில் மூடியின் மாதிரி எழுந்தது. அளந்து பார்த்தால் ஒரு பக்கம் அரை மில்லிமீற்றர் பிழை! நாற்பதில் ஒரு பங்கு என்று பெருமை பேசிய எமக்கு இது வேண்டியதுதான். மோட்டார் பிழைக்கவில்லை, எமது சட்டம் சற்றே வளைந்து கொடுத்திருந்தது.

மறுமுறை ஊர்காவற்றுறை சென்று மாதிரியை நீட்டி, பிழையையும் ஒப்புக்கொண்டோம். பெரியவர் கட்டைவிரலால் ஓரத்தைத் தடவிச் சிரித்தார்.

“அரை மில்லிமீற்றரைக் கடல் பாக்காது, தம்பி. அரத்தாலை ராவிவிடலாம். பொத்தலைத்தான் கடல் பாக்கும்.”

எம்மிடம் அலுமினியம் மிகுதியாய் உண்டே, அதிலேயே வார்த்தால் என்ன என்று கேட்டோம். உப்புநீரில் பித்தளையோடு சேர்ந்தால் அலுமினியத்தைக் கடல் தின்றுவிடும் என்று தடுத்து, எமது கண்முன்பே வெண்கலத்தை ஊற்றினார். ஊற்றும்போது கை நடுங்கவில்லை.

இரு கிழமைகளின் பின் குறிகட்டுவானில் அந்த வள்ளத்தில் ஏறி நயினாதீவு சென்றோம். இயந்திரத்தின் பக்கத்திற் குந்தியிருந்து, மூடியின் ஓரத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஒரு துளியும் கசியவில்லை.

நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு உள்ளது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இதே ஊர்காவற்றுறையில், வந்திறங்குவதைப் பற்றியும், உடைந்த கலங்களைப் பற்றியும் அது கூறுகிறது. யானை குதிரை கொண்டுவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றைப் பண்டங்களாயின் பாதிக்குப் பாதி. கலம் உடைந்தவனுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பது எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே இக்கரையில் பெரிய கேள்வியாய் இருந்திருக்கிறது. மூன்று கிழமை கரையில் இருந்த வள்ளக்காரரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் அடுத்த நடைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியிற் பெரியவரைக் கண்டு விடைபெறச் சென்றோம். அவர் சுவரிலிருந்து இன்னொரு பாகத்தைக் கழற்றி, பேச்சின்றி எமது சாக்கினுள் வைத்தார். ஆணிகளை எண்ணிப் பார்த்தோம், பதினொன்று மிஞ்சியிருந்தன. ஆகவே வரும் ஞாயிறும் எமக்குத் தீவகமே.