ஒப்புக்குச் சப்பாணி

நாலு சிநேகிதர்கள் சேர்ந்து ஆட ஒரு வீடியோ விளையாட்டு வாங்க வேண்டுமென்றால், இந்தக் காலத்துப் பிள்ளைகள் முதலில் பார்ப்பது படம் எவ்வளவு தத்ரூபமாக இருக்கிறது என்பதைத்தான். அப்புறம் விலையைப் பார்க்கிறார்கள். என் கட்சி வேறு. அந்த ஆட்டத்தில் ஒப்புக்குச் சப்பாணிக்கு இடம் உண்டா என்றுதான் நான் முதலில் விசாரிப்பேன்.

ஒப்புக்குச் சப்பாணியை வாசகர்களில் இளையவர்களுக்கு நான் அறிமுகம் செய்து வைக்க வேண்டும். தெருவில் உத்தி பிரித்து இரண்டு கட்சியும் சேர்ந்தாயிற்று என்னும் சமயத்தில், யாராவது ஒருவனுடைய தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நிற்பான். சேர்த்துக்கொண்டால் ஆட்டம் கெடும். சேர்க்காவிட்டால் வீட்டில் போய்க் கோள் மூட்டுவான். "சரி, நீ ஒப்புக்குச் சப்பாணி" என்று தீர்ப்பாகும். அவன் ஓடலாம், கத்தலாம், யாரையும் தொடலாம். அவனைத் தொட்டால் மட்டும் அவுட் கிடையாது. சட்டசபைகள் கூடிச் செய்த சட்டங்களில்கூட இத்தனை தாட்சண்யம் உள்ளதை நான் அதிகம் கண்டதில்லை.

ஐயப்பன்தாங்கலில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில், கீழ்த்தளத்துப் பொது அறையில் ஒரு பெரிய டெலிவிஷன் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை அதன் முன்னால் நாங்கள் நாலு பேர் கூடுவோம்: கல்லூரிப் பையன்கள் இருவர், நான், இரண்டாவது மாடி நண்பர். நண்பர் ஒரு காலத்தில் கேரம் பலகையில் சூரர். பக்கவாதம் வந்து போனதில் அவருடைய இடது கை முழுசாகத் திரும்பி வரவில்லை. "நாலு பேரோடு பேசிச் சிரிக்கவேண்டும்" என்று டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதாத குறையாகச் சொல்லியிருந்தார்.

பையன்கள் ஒரு கால்பந்தாட்டத்தைக் கொண்டு வந்தார்கள். இரண்டு கட்டைவிரலும் சேர்ந்து இயங்கினால்தான் அதில் பந்து நகரும். பத்து நிமிஷத்தில் நண்பர் கருவியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க ஆடுங்கப்பா, நான் பாக்கறேன்" என்றார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. "சாயங்காலமானா தலைவலிங்கறார்" என்று அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னாராம். அந்தத் தலைவலி திங்கட்கிழமைகளில் வருவதில்லை.

ஆகவே வேறு ஆட்டம் தேட வேண்டியதாயிற்று. பப்ஜியை எல்லோரும் அறிவார்கள். 2020 செப்டம்பரில் அரசாங்கம் தடை செய்ய, 2021-இல் பெயரை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தது. விமானத்திலிருந்து நூறு பேர் குதிக்கிறார்கள். கடைசியில் ஒருவனோ ஒரு கூட்டமோதான் மிஞ்ச வேண்டும். முதலில் செத்தவர் பாக்கி நேரமெல்லாம் பார்வையாளர்தான். நண்பருக்கு அந்த உத்தியோகம் ஏற்கெனவே கிடைத்திருந்தது! 'அமங் அஸ்' 2018-இல் வெளிவந்து, ஊரடங்கின்போது பிரபலமானது. அதில் செத்தவன் ஆவியாக வந்து தன் மிச்ச வேலையை முடித்துக் கொடுக்கலாம். அதை எழுதியவர் ஏதோ ஒரு காலத்தில் குமாஸ்தாவாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம். 'ஓவர்குக்ட்' என்று ஒரு சமையல் ஆட்டம். யாரும் அவுட் ஆவதில்லை, ஆனால் ஒருவர் வெங்காயம் நறுக்கத் தாமதித்தால் நாலு பேர் மானமும் சேர்ந்து கப்பலேறும். மும்பைக்காரர்களின் 'லூடோ கிங்' நல்லது. பகடைக்குக் கை வாட்டம் தேவையில்லை. ஆனால் விட்டதும் பிடித்ததும் எல்லாம் அதிர்ஷ்டத்தின் தயவு. கேரம் ஆடிய மனிதர் அதில் எதைச் சாதித்தோம் என்று திருப்திப்படுவார்?

கடைசியில் ஒரு பையனின் மாமா சிங்கப்பூரிலிருந்து வந்தபோது நிண்டெண்டோ ஸ்விட்சும் 'மேரியோ கார்ட் 8 டீலக்ஸ்' பந்தயமும் வந்து சேர்ந்தன. இந்த வண்டிப் பந்தய வரிசை 1992-இல் ஆரம்பித்தது. இதன் தர்மம் விசித்திரமானது. வழியில் கிடைக்கும் பெட்டிகளிலிருந்து முன்னால் போகிறவனுக்கு வாழைப்பழத் தோல் கிடைக்கும். பின்தங்கியவனுக்கோ நட்சத்திரமும் ராக்கெட் வேகமும். 2017-இல் வெளிவந்த இந்தப் பதிப்பில் இன்னொரு சலுகையும் உண்டு: ஒரு பொத்தானைத் தட்டிவிட்டால் வண்டி பாதையைவிட்டு விழாமல் தானே திரும்பிக்கொள்ளும், இன்னொன்றைத் தட்டினால் தானே ஓடும். ஒரு கையே போதும்.

நண்பரைக் கெஞ்சி அழைத்து வந்தோம். இரண்டு சுற்று ஓட்டியவர் திடீரென்று நிறுத்தினார். சலுகை வாங்கிய வண்டியின் பின்னால் சின்னதாக ஒரு ஆன்டெனா முளைக்கும், அதைக் கவனித்துவிட்டார்.

"என் வண்டிக்கு மட்டும் என்னப்பா வாலு?"

எனக்கு நெஞ்சு திக்கென்றது. தெருவில் நாங்கள் ஒப்புக்குச் சப்பாணி என்று சத்தம் போட்டுச் சொன்னது, ஐந்து வயதுக் குழந்தையிடம். அறுபத்தேழு வயதுக்காரரிடம் அதைத் திரையில் எழுதிக் காட்டலாமோ?

சின்னப் பையன்தான் வாயைத் திறந்தான். "எல்லா வண்டிக்கும் இருக்கு அங்கிள்" என்று சொல்லிக்கொண்டே தன் வண்டிக்கும், அண்ணன் வண்டிக்கும், என் வண்டிக்கும் வாலை முளைக்க வைத்தான். அந்த வால் முளைத்தால் சில குறுக்கு வழிகள் அடைபட்டுப் போகும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

நண்பர் திரையை ஒரு முறை பார்த்தார், பையனை ஒரு முறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஓட்டத்தில் ஒரு சிவப்பு ஆமை ஓட்டை என் முதுகில் எறிந்துவிட்டு முந்திப் போனார். வாலிருந்தும் நான் பன்னிரண்டு வண்டிகளில் பதினோராவது.