கம்பியும் சாட்சியும்

எமது கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்தில் மீற்றர்ப் பாலம் ஒன்று இருந்தது. பல ஆண்டு மாணவர்கள் நடுவிலேயே அழுத்தி அழுத்தி அதன் கம்பி அவ்விடத்திற் தேய்ந்திருந்தது. 1972ஆம் ஆண்டில் ஒருநாள் எனது விடை பிழைத்தது. கம்பியின் இரு நுனிகளையும் காட்டி, "நல்ல கம்பிதானே, சேர்" என்று வாதாடினேன். ஆசிரியர் சிரித்தார். "தம்பி, நுனியைப் பார்த்துவிட்டு நடுவுக்குச் சாட்சி சொல்லலாமோ?" என்றார்.

அச்சொல்லின் பொருள் 26 ஆண்டுகளின் பின்னரே எனக்கு விளங்கியது. அப்போது ஐரோப்பாவில் மீகடத்திக் கம்பி செய்யும் ஆலையொன்றின் சோதனைப் பகுதியிற் பணியாற்றிக்கொண்டிருந்தேன். பாதரசத்தைச் சுமார் 4.2 கெல்வினுக்குக் குளிர்வித்தால் அதன் மின்தடை மறைந்துவிடுகிறதென்பதை 1911இல் லெய்டன் நகரிற் கமர்லிங் ஒன்னசு கண்டார். கடுங்குளிரில் அத்தன்மை பெறும் நியோபியம்-தைத்தேனியம் கலப்புலோகத்தையே நாங்கள் கம்பியாக்கினோம். செப்புக் குற்றிக்குள் அதன் கோல்களை அடுக்கிச் சூடாக்கிப் பிதுக்குவோம். பின்னர் அச்சுத் துளைகள் பலவற்றினூடாக இழுக்க இழுக்க, ஒரு மில்லிமீற்றர்த் தடிப்புள்ள கம்பிக்குள் ஆயிரக்கணக்கான இழைகள் அடங்கிவிடும். ஒவ்வோர் இழையும் தலைமயிரிற் பத்திலொரு பங்குதான். கோலுக்குள் கடினமான துணிக்கையொன்று கிடந்தாலோ, மற்றவையெல்லாம் மெலிய அது மட்டும் மெலியாது நின்று இழைகளை அறுக்கும்.

இக்கம்பி எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்குமென்று அறிய, ஒரு துண்டை வெட்டித் திரவ ஈலியத்தில் அமிழ்த்திக் காந்தப்புலத்தில் வைத்து அளக்கவேண்டும். பல கிலோமீற்றர் நீளக் கம்பியை நடுவிலே வெட்டினால் விற்பதற்கு என்ன இருக்கும்? ஆதலால் நுனிகளை வெட்டிச் சோதித்தோம். நடுவை அறிய, ஓடும் கம்பியை ஒரு சுருளினூடாகச் செலுத்திச் சுழி மின்னோட்டத்தால் வேவு பார்த்தோம். குறையுள்ள இடம் வந்தால் வரைதாளிற் கோடு துள்ளும்.

1998இல் ஒரு மாலை, கோடு ஒரேயொரு முறை சிறிதே துள்ளியது. நுனிகளோ மிகச் சிறந்தவை. சரக்கு மறுநாள் அனுப்பப்படவேண்டும். தூசியாயிருக்குமென்று எண்ணிக் கையொப்பமிட்டேன்.

சில வாரங்களின் பின், வாங்கியோர் கம்பிகளை முறுக்கி வடமாக்கும்போது அது அறுந்தது. அளந்து பார்த்தால், நான் தூசியென்று தள்ளிய அதே இடம். எவரும் என்னை ஏசவில்லை, ஏசியிருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும். அத்தாளை ஓய்வுபெறும்வரை மேசை லாச்சியில் வைத்திருந்தேன். அதன்பின் ஐயமான ஒவ்வோரிடத்தையும் வெட்டி நீக்கச் செய்தேன். விற்பனைப் பகுதியார் எனக்குக் "கத்தரிக்கோல்" என்று பெயரிட்டனர்.

இன்று 77 கெல்வினில், திரவ நைதரசனிலேயே தொழிற்படும் மீகடத்தி நாடாக்கள் வந்துவிட்டன. உருளையிலிருந்து உருளைக்கு ஓடும் நாடாவின் காந்தப்புலத்தை ஹோல் உணரிகள் வழிநெடுக அளக்கின்றன. வெட்டாமலே நடுவை அறியலாம். எனக்குச் சற்றுப் பொறாமைதான்.

சென்ற ஆண்டு கல்லூரிக்கு வந்தபோது அந்த மீற்றர்ப் பாலத்தைத் தேடினேன். இன்னும் மாணவர் கையிலேதான் இருக்கிறது. கம்பியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நடுவில் விரல் வைத்துத் தடவிப் பார்த்தேன். மெல்லிய பள்ளமொன்று விழத் தொடங்கியிருந்தது.