கடற்பயணத்தின் பயன்

தண்ணீரூற்றைச் சேர்ந்த இளைப்பாறிய ஆசிரியை ஒருவரை, வன்கூவரிலிருந்து அலாஸ்காவுக்கு ஏழு நாட் கப்பற்பயணம் செல்லக் கனடாவிலுள்ள மகன் அழைத்தான். பனியாறுகள் கடலிற் சரிந்து விழும் காட்சி அரியதுதான், செலவோ பெரிது. ஆயினும், அம்மையாரின் தயக்கத்துக்குச் செலவு காரணமன்று. 2009இல் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் புதுமாத்தளனிலிருந்து காயமுற்றோரைத் திருகோணமலைக்கு ஏற்றிச் சென்ற கப்பலில் அவர் கணவரும் கிடந்தார், மீண்டிலர். அன்று தொட்டுக் கப்பலென்றாலே அவருக்குப் பிரிவுதான்.

ஊற்றங்கரைப் பிள்ளையாரை வணங்கித் திரும்பிய மாலையில் அவர் வேறொரு கணக்குப் பார்த்தார். முன்னர் கனடாவில் தங்கிய இரு மாதங்களில், இரு வேலை பார்க்கும் மகனோடு அமர்ந்து உண்ணக் கிடைத்தது கிழமைக்கு ஒரு வேளையே. கப்பலிலோ அவன் வேலைக்குப் போகவியலாது. பனியாற்றின் பொருட்டன்று, அந்த ஏழு நாட்களின் பொருட்டே அவர் இசைந்தார்.