முழுதும் கேட்காமல் சொன்னேன்

பார்க்கும் வேலையை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகலாமா என்று கேட்டு வந்தவர்களுக்கு நான் பல ஆண்டுகள் தவறாக வழி சொன்னேன். கெடுதல் செய்யும் எண்ணம் இல்லை. ஆனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்றும் சொல்ல மாட்டேன். எதிரே இருப்பவர் பேசி முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிறேன் என்பது எனக்கு அப்போதே தெரியும். இதுவரை யாரும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. புதுக்கோட்டைக் கடைவீதியில் என்னைக் கண்டால் இன்றும் வண்டியை நிறுத்தி வணக்கம் வைக்கிறார்கள். அந்த வணக்கத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்க இனி என்னால் முடியாது.

மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியராக இருந்தவன் நான். நண்பர்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசமாக நடத்திய வழிகாட்டி வகுப்பில் உட்கார ஆரம்பித்தேன். முதலில் வந்தவர்கள் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள். பிறகு அவர்களுடைய அப்பாக்களும் சித்தப்பாக்களும் அக்காக்களும் வந்தார்கள். ஆலையில் ஷிப்ட் பார்த்து உடம்பு தளர்ந்தவர், ஜெகதாப்பட்டினத்தில் இனிமேல் கடலுக்குப் போக வேண்டாம் என்று வீட்டில் அழுததால் கரையில் நின்றவர், தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் எடுத்தவர். எல்லோருக்கும் குடும்பம் இருந்தது, கடன் இருந்தது, பத்துப் பதினைந்து வருஷம் ஒரு தொழிலில் பழகிய கை இருந்தது. பதினேழு வயதுப் பிள்ளைக்குச் சொல்வதையே நான் இவர்களுக்கும் சொன்னேன்.

என்னிடம் இரண்டே பதில்கள் இருந்தன. பத்தாவது தேறி, உட்கார்ந்து படிக்கக்கூடியவர் என்றால் அரசு வேலைக்கான குரூப் ஃபோர் தேர்வு. மற்றவர்களுக்கு வெளிநாடு.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் வட்டாரம் என்ன ஆனது என்பதை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தென்னையும் பலாவும் வேரோடு கிடந்தன. புதிதாக வைக்கும் தென்னங்கன்று காய்ப்புக்கு வர ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை எதைத் தின்பது என்ற கேள்வியோடு அடுத்த சில மாதங்கள் என்னிடம் ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் கீரமங்கலம் பக்கத்து விவசாயி. நாற்பதை நெருங்கும் வயது, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள்.

"சார், எனக்கு ஒட்டுக் கட்டத் தெரியும். பலா, மா ரெண்டுமே கட்டுவேன். ஊர்க்காரங்களுக்குச் சும்மாவே கட்டிக் குடுத்திருக்கேன்..." என்று அவர் தொடங்கினார்.

"அதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இப்பக் கைக்குக் காசு வேணும்ல? ஸ்கில் டெஸ்ட் அடிச்சு சிங்கப்பூர் போயிருங்க" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. புயலுக்குப் பிறகு அந்த வட்டாரமே கன்றுக்கு அலைந்துகொண்டிருந்தது. கன்று உருவாக்கத் தெரிந்த ஒருவர் என் முன்னால் உட்கார்ந்து அதைத் தன் வாயாலேயே சொன்னார். நான் அவரைக் கட்டட வேலைக்கு அனுப்பினேன். ஏற்கெனவே எவ்வளவு கடன் இருக்கிறது, பயிற்சிக்கும் ஏஜென்ட்டுக்கும் எங்கே பணம் புரட்டுவீர்கள், என்ன வட்டி, நீங்கள் போனால் நிலத்தை யார் பார்ப்பார்கள், வீட்டம்மா என்ன சொல்கிறார்கள் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் வட்டிக்கு வாங்கிப் போனார். அடுத்த ஆண்டே கொரோனா வந்தது. 2020 ஏப்ரலில் சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைக்கப்பட்டன. அந்த விடுதிகளில் ஒன்றில் மாதக்கணக்கில் அடைந்து கிடந்துவிட்டு, கடனோடு திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்கினார்.

கொரோனாவைக் காட்டி நான் தப்பிக்கப் பார்த்தது உண்மை. நோய் வரும் என்று யாருக்குத் தெரியும் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன். நோய் வரும் என்று தெரியாதுதான். ஆனால் அவருக்கு ஒட்டுக் கட்டத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

வளைகுடாவுக்கு அனுப்பியவர்கள் விஷயத்தில் என் அலட்சியம் இன்னும் பெரியது. பத்தாவது தேறாதவர் அங்கே வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் ஒரு தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அவர் பதிவு பெற்றவர்தானா என்பதை ஈ-மைகிரேட் தளத்தில் பார்த்துவிடலாம். வழிகாட்டி என்று பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு இவை எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

குரூப் ஃபோருக்கு அனுப்பியவர்களில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியையை மறக்க முடியவில்லை. அவர் என்னிடம் கேட்டது வேறு. ஆரி வேலை கற்றிருந்தார், கல்யாண ரவிக்கைகளுக்கு ஆர்டர் வந்துகொண்டிருந்தது, பள்ளியை விட்டுவிட்டு அதையே முழுநேரமாகச் செய்யலாமா, மாமியார் வீட்டில் எப்படிப் பேசுவது என்று கேட்டார். "டீச்சரா இருந்துட்டு தையலாம்மா?" என்று சொல்லி, பரீட்சைக்குப் படிக்கச் சொன்னேன். அவர் ஆரி வேலையை நிறுத்திவிட்டுப் படித்தார். 2019 செப்டம்பர் தேர்வில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அடுத்த தேர்வு 2022 ஜூலையில்தான் நடந்தது. அதற்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301, விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். முந்நூறு பேருக்கு ஒரு இடம். கணக்குப்பதிவியல் கற்றுக்கொடுத்த நான் இந்தக் கணக்கை ஒரு நாளும் அவர் முன்னால் போட்டுக் காட்டவில்லை. தேர்வு எழுதுவதை நான் குறை சொல்லவில்லை. என் மாணவர்களில் சிலர் அப்படித்தான் கிராம நிர்வாக அலுவலர்கள் ஆனார்கள், அவர்கள் வீடுகள் நிமிர்ந்தன. ஆனால் கையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு தொழிலை அந்தப் பெண் நிறுத்தியது நான் சொன்னதால்.

ஏன் இப்படிச் செய்தேன்? முப்பத்தைந்து வயதில் நான் பள்ளியை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கணக்கு அலுவலகம் வைக்க நினைத்தேன். பயந்து நின்றுவிட்டேன். மாதச் சம்பளம்தான் பத்திரம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பிறகு என் எதிரே வந்து உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் அந்தச் சமாதானத்தையே அறிவுரையாகக் கொடுத்தேன். இன்னொன்றும் உண்டு. கேட்டவுடன் பதில் சொல்பவருக்கு இங்கே மதிப்பு அதிகம். 'சார்ட்ட போனா ஒரே நிமிஷத்துல சொல்லிருவாரு' என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

எனக்கு இதைவிட நல்ல முறை தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. இளைஞனாக இருந்தபோது இதே மாவட்டத்தில் அதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது நானும் தொண்டனாகப் போனேன். ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்ட கதை நாடு முழுக்கப் பரவியது. அதைப் பதிவு செய்த பத்திரிகையாளர் பி. சாய்நாத், சைக்கிள் ஓட்டிக் காட்டும் நிகழ்ச்சிகளில் எழுபதாயிரத்துக்கும் அதிகமான பெண்கள் கலந்துகொண்டதாக எழுதியிருக்கிறார். குவாரிப் பெண்களைப் பற்றி வெளியே அவ்வளவாகத் தெரியாது. அதே காலத்தில், ஒப்பந்தக்காரர்களிடம் கடன்பட்டுக் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கு மாவட்ட நிர்வாகம் குவாரிகளைக் குத்தகைக்குக் கொடுத்தது. நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஏறத்தாழ 170 குவாரிகளைத் தங்கள் பொறுப்பில் எடுத்தார்கள் என்கிறார் சாய்நாத். ஒப்பந்தக்காரர்களின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஆனாலும் கூலிக்காரியாக இருந்தவர் குத்தகைதாரர் ஆனது நடந்தது. இதைவிடப் பெரிய தொழில் மாற்றத்தை நான் பார்த்ததில்லை.

அந்தப் பெண்களிடம் யாரும் போய், கல் உடைப்பதை விட்டுவிட்டு வேறு பிழைப்புப் பாருங்கள் என்று சொல்லவில்லை. எந்தப் பாறை எங்கே பிளக்கும், ஒரு லோடுக்கு எவ்வளவு ஜல்லி, லாரிக்காரர் எங்கே ஏமாற்றுவார் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். தெரியாதது எழுத்தும் கணக்கும் அலுவலகத்து வாசலும். தெரிந்ததை அப்படியே வைத்துக்கொண்டு தெரியாததை மட்டும் சேர்த்துக் கொடுத்தார்கள். கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அவர்கள் என்னைத் திருத்தியிருக்கிறார்கள், "தம்பி, லோடு கணக்கு அப்படி வராது" என்று. அப்போது கேட்டுக்கொண்டேன். ஆசிரியர் ஆன பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

என் பேச்சுகளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியையும் தவறாகவே பயன்படுத்தினேன். நம் ஊரில் 1886இல் பிறந்தவர், மகாராஜா கல்லூரியில் படித்தவர், 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றவர், பிறகு துணிந்து சட்டமன்றத்துக்குப் போனவர், நீங்களும் துணிந்து தாவுங்கள் என்று கைதட்டல் வாங்குவேன். அவர் தாவவில்லை. சட்டமன்றத்துக்குப் போனபோதும் மருத்துவராகக் கண்டறிந்ததைத்தான் அங்கே கொண்டுபோனார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியதும் அதே மருத்துவர்தான். பழைய தொழிலைத் தூக்கியெறிந்தவர் என்று அவரைக் காட்டியது நான் சொன்ன பொய்.

ஓய்வுக்குப் பிறகுதான் இந்தத் துறையைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1908இல் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் தொழில் வழிகாட்டி மையம் ஒன்றைத் தொடங்கினார். அந்த ஆண்டே இறந்துவிட்டார், அவருடைய புத்தகம் 1909இல் வெளிவந்தது. வழி கேட்டு வந்தவர் முதலில் தன்னை அறிய வேண்டும், அடுத்து வேலைகளைப் பற்றிய உண்மை நிலவரத்தை அறிய வேண்டும், பிறகு இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பது அவர் வைத்த வரிசை. முடிவு வந்தவருடையது. நம் நாட்டு வேலைவாய்ப்பு அலுவலகமும் 1945இல், போர் முடிந்து விடுவிக்கப்பட்ட சிப்பாய்களை வேறு வேலையில் அமர்த்தத்தான் தொடங்கப்பட்டது. பதிவைப் புதுப்பிக்கும் இடமாக மட்டுமே நாம் அதைப் பார்த்துப் பழகிவிட்டோம். இன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் அதன் பலகையில் தொழில்நெறி வழிகாட்டும் மையம் என்றும் எழுதியிருக்கிறது. ஒருவரையாவது அங்கே போய்க் கேளுங்கள் என்று நான் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் என்னிடம் வருவது குறையும் என்று நினைத்தேன்.

இப்போதும் உட்காருகிறேன். தனியாக இல்லை, வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாவும் கூட இருக்கிறார். நான் குறுக்கே பேசினால் அவர் நிறுத்திவிடுவார், அப்படிச் செய்யச் சொன்னதே நான்தான். முதல் சந்திப்பில் எந்த வேலையின் பெயரையும் சொல்வதில்லை. எதை விட்டு வெளியேற நினைக்கிறீர்கள் என்று கேட்கிறோம். வேலையையா, சம்பளத்தையா, சூப்பர்வைசரையா, இரவு ஷிப்டையா? ஆலை வேலையே வேண்டாம் என்று வந்த ஒருவருக்குப் பகல் ஷிப்ட் கிடைத்தால் போதும் என்பது பேசப் பேசத் தெரிந்தது. அடுத்து நகைக் கடன், குழுக் கடன், சீட்டு, பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்று பார்க்கிறோம். கைக்கு என்னென்ன தெரியும் என்று கேட்கும்போதுதான் ஆட்கள் தயங்குகிறார்கள். தங்களுக்குத் தெரிந்ததைத் திறமை என்றே அவர்கள் எண்ணுவதில்லை. அங்கேதான் வழிகாட்டிக்குப் பொறுமை வேண்டும், என்னிடம் இல்லாமல் போனதும் அதுதான். போக நினைக்கும் தொழிலில் இப்போது இருப்பவர்கள் இரண்டு பேரிடம் நேரில் பேசிவிட்டு வரச் சொல்கிறோம். பழைய வேலையை விடாமல் புதியதைச் சிறிய அளவில் செய்து பார்க்கச் சொல்கிறோம். ஹெர்மினியா இபார்ரா என்ற பேராசிரியர் 2003இல் எழுதிய புத்தகத்தில் சொல்வதும் இதுதான்: நடுவயதில் தொழில் மாறியவர்கள் யோசித்து முடித்துவிட்டு மாறியவர்கள் அல்லர், சின்னச் சின்னதாகச் செய்து பார்த்து மாறியவர்கள்.

கீரமங்கலத்துக்காரரைப் போய்ப் பார்த்தேன். "நான் உங்கள முழுசா பேசவிடல. தப்பு என் மேலதான்" என்றேன். "நீங்க சொல்லலைன்னாலும் வேற யாராச்சும் சொல்லிருப்பாங்க சார்" என்றார் அவர். என் பாரத்தைக் குறைக்கத்தான் சொன்னார், நான் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. வட்டி இன்னும் முடியவில்லை. அடுத்தவர் தோப்பில் கூலிக்கு ஒட்டுக் கட்டுகிறார். சொந்தமாக நாற்றங்கால் போட எவ்வளவு ஆகும் என்று இருவரும் உட்கார்ந்து எழுதினோம். கணக்கை அவரே போட்டார், கேட்ட இடத்தில் மட்டும் நான் உதவினேன். கடனை அடைத்த பிறகுதான் தொடங்குவேன் என்கிறார். அவசரப்படுத்த எனக்கு உரிமை இல்லை.

அந்த ஆசிரியையை இன்னும் போய்ப் பார்க்கவில்லை. அதே பள்ளியில்தான் வேலை பார்க்கிறார் என்றும், ஆரிச் சட்டத்தை யாருக்கோ கொடுத்துவிட்டார் என்றும் கேள்விப்பட்டேன். அவர் முன்னால் போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஊருக்கெல்லாம் எழுதிச் சொல்வதைவிட அவர் ஒருவரிடம் நேரில் சொல்வது எனக்குக் கடினமாக இருக்கிறது. இது அச்சில் வருவதற்கு முன்னால் அவரிடம் போய்ச் சொல்லியாக வேண்டும்.