வயது 250 கோடி!

அனந்தபுரத்திலிருந்து வடக்கே செஞ்சிக்குப் போகிறவர்கள் பஸ்ஸில் ஜன்னலோரத்து இடத்தைப் பிடித்துக் கொள்வது நல்லது. வயல், ஏரி, பனைமரம் என்று சாதுவாக வந்து கொண்டிருந்த காட்சி சட்டென்று மாறுகிறது. ராட்சதக் குழந்தை ஒன்று கற்களைக் குவித்து விளையாடிவிட்டுப் பாதியில் எழுந்து போனது போல, பாறை மேல் பாறையாக மலைகள்!

"வெறும் கல்தானே?" என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். சீனாவின் புகழ்பெற்ற ஹுவாங்ஷான் மலையும் கருங்கல்தான். மேகக் கடலுக்கு மேல் தலை நீட்டும் சிகரங்கள், பாறை வெடிப்பில் வேர் விட்ட பைன் மரங்கள் என்று ஓவியர்களைக் கிறங்க வைத்த மலை அது. உயரம் 1,864 மீட்டர். நம் ராஜகிரி சுமார் 800 அடிதான். ஆனால் வயதைக் கேளுங்கள்: ஹுவாங்ஷான் கருங்கல்லுக்குச் சுமார் 12 கோடி ஆண்டு, செஞ்சிப் பாறைக்குச் சுமார் 250 கோடி!

பூமிக்குள் உருகிக் கிடந்த குழம்பு ஆறி இறுகிக் கல்லாயிற்று. அதில் விழுந்த விரிசல்களில் நீர் இறங்கி, மூலை முனைகளை அரித்து உருட்டியது. மேலிருந்த மண்ணை மழை கரைத்துச் செல்ல, உருண்டைகள் அப்படியே குவியலாக நின்றுவிட்டன.

அங்கே பைன் என்றால் இங்கே கல்லிச்சி. வெடிப்பில் வேரை நுழைத்துப் பாறையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்திலுள்ள பக்கமலைக் காட்டில் இரவில் உலாவும் தேவாங்கும், பாறை இடுக்கில் வாழும் பொன்னிறப் பல்லியும் உண்டு.

1690 முதல் 1698 வரை மொகலாயப் படையை மறித்து நின்றது இந்த மலைக்கோட்டை. 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டது. ஹுவாங்ஷானை 1990-ல் சேர்த்தபோது இயற்கைக்கும் சேர்த்தே மதிப்புக் கொடுத்தார்கள். இங்கே மதிப்பு கோட்டைக்கு. கோட்டை இருப்பதால் மலை பிழைத்தது. கோட்டை கட்டப்படாத குன்றுகளின் கதி? விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் எத்தனையோ குன்றுகள் வெடி வைத்து உடைபட்டு, ஜல்லியாக லாரி ஏறிவிட்டன. வெட்டிய மரத்தை மறுபடி நடலாம். மலையை நட முடியுமா?

தை மாதத்தில், வெயில் ஏறுமுன் ராஜகிரியில் ஏறுங்கள். குடிநீர் அவசியம். தின்பண்டப் பை பத்திரம், குரங்குகள் காத்திருக்கும்! உச்சியில் நின்று சுற்றிலும் பாருங்கள். கோட்டை இல்லாத குன்றுகளும் அழகில் குறைந்தவையல்ல என்பது தெரியும்.